நெகட்டிவ் அலமாரியும் நாஸ் பெட்டியும்

வணக்கம் நேயர்களே. திருகோணமலை நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் என்று படம் எடுப்பதுதான் தொழில். இன்றைக்கு என்னைக் கேட்டிருப்பது நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியைப் பற்றிப் பேசச் சொல்லி. பெட்டி சின்னது. உள்ளே ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு குட்டிக் கொம்பியூட்டரும் இருக்கும். ரூட்டரில் வயரால் கொழுவிவிட்டால் வீட்டிலுள்ள போன், லேப்டொப், டிவி எல்லாம் அதில் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம்.

பெட்டிக்குப் போகமுதல் எங்கள் கடையிலிருந்த ஒரு அலமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரி முழுக்க எங்கள் கடைக்குப் படம் எடுக்க ஆட்கள் வரவில்லை. படம் கேட்டு வந்தார்கள். நிலாவெளியிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, மூதூரிலிருந்து. வீட்டோடு அல்பமும் கடலோடு போய்விட்டது. ஒரு தாய் வந்தார். மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு நான்தான் படம் எடுத்தேன் என்றார். திகதி அவருக்கு நினைவில்லை, "தேருக்கு முதல் கிழமை தம்பி" என்று மட்டும் சொன்னார். அலமாரியில் மண்ணிறக் கடித உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, பட்டர் பேப்பரிலிருந்து நெகட்டிவை உருவி, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும்தான் தெரியும், பழகாத ஆளுக்கு முகம் பிடிபடாது. எனக்கு முதல் அந்தத் தாய்க்குப் பிடிபட்டது. பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியும் அந்தத் துண்டைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தப் படம் மிஞ்சியதற்கு ஒரே காரணம், அல்பம் ஒரு ஊரிலும் நெகட்டிவ் இன்னொரு ஊரிலும் இருந்ததுதான்.

டிஜிட்டல் வந்த பிறகு நெகட்டிவ் இல்லை. படமும் அதன் மூலமும் ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன. நானும் பல வருடம் கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி லாச்சியில் அடுக்கி வைத்தேன். ஒருநாள் மேசையிலிருந்து ஒன்று விழுந்தது. உயரம் இரண்டரை அடிதான். பொம்பிளையின் தகப்பனிடம் போய், உங்கள் பிள்ளையின் தாலிகட்டு என்னிடம் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நாஸ் வாங்கினேன்.

என்ன பெட்டி வாங்குவது? சினாலஜி, கியூநாப் இரண்டும் தாய்வான் கம்பனிகள், இந்தத் தொழிலில் பேர்போனவை. பெயரைப் பார்க்கமுதல் டிஸ்க் போட எத்தனை இடம் என்று பாருங்கள். வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் இரண்டு போதும். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் 8 கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டிலும் ஒரே தகவல் எழுதப்படும் விதத்தில், ரெய்ட் 1 என்பார்கள், வைத்தால் 4 தான் கிடைக்கும். கொம்பியூட்டர் அதையும் 3.6 என்றுதான் காட்டும், அது எண்ணும் முறை வேறு, பயப்பட வேண்டாம். வீடியோ தொழிலுக்கு நான்கு டிஸ்க் பெட்டி நல்லது. ரெய்ட் 5 முறையில் நான்கு 4 டெராபைட் போட்டால் 12 கிடைக்கும், அவற்றில் ஒன்று பழுதானாலும் தகவல் போகாது.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், பெட்டியை விட டிஸ்க்கில் போடுங்கள் என்பேன். வாங்கும்போது அது சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும், ஒன்றைத் திருத்தி எழுத அடுத்தவற்றையும் திரும்ப எழுதவேண்டும். பழுதான டிஸ்க்கை மாற்றி மற்றதிலிருந்து நிரப்பும் நேரத்தில் அது இழுபடும். சிஎம்ஆரில் தடங்கள் அப்படி ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நாஸுக்கு அதுதான். அப்புறம், இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் விட்டால் நல்லது. ஒரே தொகுதியில் செய்தவை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பழுதாகக்கூடும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் கமராவில் 100 மெகாபிட் 4கே வீடியோ ஒரு மணித்தியாலம் ஓடினால் 45 ஜிகாபைட். ஜிகாபிட் லான் வயரில் அது ஏழு நிமிடத்தில் போய்விடும். ஆனால் சில ரூட்டர்களின் துளைகள் 100 மெகாபிட்தான். அதில் அதே வீடியோவுக்கு ஒரு மணித்தியாலம் போகும். பெட்டி மெதுவாக வேலை செய்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேருக்குக் குறை ரூட்டரில்தான் இருந்தது. வீட்டில் போன் படங்களைச் சேர்ப்பதற்கு வைஃபை தாராளம். போனில் அதற்கான செயலியைப் போட்டுவிட்டால் வீட்டுக்கு வந்ததும் படங்கள் தானாகப் போய்ச் சேரும். அம்மாமாருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நம்முடைய ஊருக்கென்று சில விஷயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாமல் இருந்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால் கோப்பு மட்டுமல்ல, டிஸ்க்கின் ஒழுங்கே குழம்பலாம். கறண்ட் போனாலும் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கி, அதன் யூஎஸ்பி வயரையும் நாஸில் கொழுவுங்கள். பலர் கறண்ட் வயரை மட்டும் கொழுவிவிட்டு யூஎஸ்பி வயரை யூபிஎஸ் வந்த மட்டைப்பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்த வயர் இருந்தால்தான் பற்றரி முடியமுதல் நாஸ் தன்னைத்தானே ஒழுங்காக நிறுத்திக்கொள்ளும். கறண்ட் பில்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு, 20 வாட் எடுக்கும் பெட்டி மாதம் முழுக்க ஓடினால் பதினான்கு, பதினைந்து யூனிட்தான்.

கடலைப் பார்த்த யன்னலுக்குக் கிட்ட வைக்காதீர்கள். உப்புக்காற்று இரும்புக் கதவையே தின்னும் ஊர் இது. நிலத்திலும் வேண்டாம், மாரியில் வெள்ளம் வரும். தூசிக்குப் பயந்து துணி போட்டு மூடினால் சூட்டில் டிஸ்க் போகும்.

இனி நான் மிகவும் கவலையோடு சொல்லும் விஷயம். இரண்டு டிஸ்க் இருப்பதால் படம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். கள்ளன் பெட்டியோடு தூக்கிப்போனால் இரண்டும் போகும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் வந்தபோது, இணையத்துக்குத் திறந்து விடப்பட்டிருந்த கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்டார்கள். அங்கே ரெய்ட் எதற்கும் உதவாது, பூட்டிய கோப்புதான் இரண்டிலும் இருக்கும். ஆகவே இணையத்திலிருந்து நேரே நாஸுக்குள் வரும் வழியை ரூட்டரில் திறந்து விடாதீர்கள். அட்மின் என்ற பெயரில் வரும் கணக்கை நிறுத்துங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்னாப்ஷொட், அதாவது கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் வசதி, உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், அழித்த கோப்பை நேற்றைய நிலையில் திரும்ப எடுக்கலாம்.

பீட்டர் க்ரோ என்ற படப்பிடிப்பாளர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த 'வேறு இடம்' எங்கள் அலமாரிதான். அடுத்த தெரு வேறு இடமாகாது, கடல் வந்தால் இரண்டு தெருவுக்கும் வரும். கிளவுட், அதாவது இணையம் வழியாக வேறொரு கம்பனியின் கொம்பியூட்டரில் சேமிப்பது, வைக்க வசதியுள்ளவர்கள் வையுங்கள். என்னுடைய கோப்புகளை ஏற்றும் அளவுக்கு இணையத்துக்குக் காசு கட்ட எனக்குக் கட்டாது. அதனால் வெளி டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. ஒன்று கடையில் நாஸோடு, மற்றது வவுனியாவில் தங்கச்சி வீட்டில். மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். அனுப்பமுதல் அதிலிருந்து ஏதாவது ஒரு கலியாணத்தைத் திறந்து, நாலு படம் பெரிதாக்கிப் பார்ப்பேன். திறக்காத பிரதியைப் பிரதி என்று நான் எண்ணுவதில்லை.

இந்த மாத டிஸ்க்கை நேற்றிரவு பார்த்துவிட்டேன். துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்திருக்கிறது. நாளைக் காலை ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும் வவுனியா பஸ்ஸில் மருமகன் மடியில் வைத்துக்கொண்டு போவான்.