இயற்கையில் இல்லாத புரதம்: மனித செல் அதன் பேச்சைக் கேட்டது எப்படி?

வணக்கம் மக்களே!

2019 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் நாயகன் ஒரு புரதம். பெயர் நியோ-2/15. மனித உடலிலோ, விலங்கிலோ, கிருமியிலோ அது உருவானதல்ல. அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், டேவிட் பேக்கர் குழுவினர் கம்ப்யூட்டரில் வடிவமைத்தது. அதை நம் நோயெதிர்ப்பு செல்லிடம் கொண்டுபோனால், அது சொன்னபடி செல் பெருகத் தொடங்குகிறது. முன்பின் பார்த்திராத புரதத்தின் பேச்சை ஒரு செல் ஏன் கேட்க வேண்டும்? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை, வேகமாக முடித்துவிடுவோம். செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பொருத்தமான இன்னொரு புரதம் வந்து ஒட்டினால், செல்லுக்குள் செய்தி போகும். அவ்வளவுதான்.

அப்படிச் செய்தி கொண்டுவரும் புரதங்களில் ஒன்று இன்டர்லூக்கின்-2. டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் பெருகச் சொல்வது இதன் வேலை. மருந்துகளை அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதை 1992-ல் சிறுநீரகப் புற்றுநோய்க்கும், 1998-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் மருந்தாக அனுமதித்தது. சிலருக்குப் புற்றுநோய் முழுசாக மறைந்து, பல வருடங்கள் தலைகாட்டவே இல்லை. ஆனால் பலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்தது, ரத்த அழுத்தம் சரிந்தது. ஐசியூ வசதி இல்லாத இடத்தில் கொடுக்கவே முடியாத மருந்து.

ஏன் இப்படி? இனி நிதானமாகப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

(திரையில்: செல் மேற்பரப்பில் ஆல்ஃபா, பீட்டா, காமா. மூன்று நிறங்களில்.)

இன்டர்லூக்கின்-2 ஒட்டும் ஏற்பியில் மூன்று கூறுகள் உண்டு. செய்தியை உள்ளே அனுப்புவது பீட்டாவும் காமாவும். ஆல்ஃபா செய்தி எதையும் அனுப்புவதில்லை. இன்டர்லூக்கின்-2-ஐ இறுக்கிப் பிடித்துக்கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் அந்தப் பிடி சாதாரணமல்ல. ஆல்ஃபாவும் கூட இருந்தால் இன்டர்லூக்கின்-2 ஏறத்தாழ நூறு மடங்கு வலுவாக ஒட்டும்.

இப்போது ஆல்ஃபா எங்கே நிறைய இருக்கிறது என்று பாருங்கள். ஒழுங்குபடுத்தும் டி செல்களில். நோயெதிர்ப்பை ‘போதும், அடங்கு’ என்று தணிக்கிற செல்கள் அவை. அப்புறம், நுரையீரல் ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களிலும் ஆல்ஃபா உண்டு. ஆக, புற்றுநோயைத் தாக்கக் கொடுத்த மருந்தை முதலில் பிடித்துக்கொள்வது, தாக்குதலைத் தணிக்கும் செல்கள். கசிவுக்கும் அந்த உட்சுவர் செல்களில் உள்ள ஆல்ஃபா ஒரு காரணம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பீட்டாவையும் காமாவையும் தொட வேண்டும், ஆல்ஃபாவைத் தொடவே கூடாது. பேக்கர் குழு அதைத்தான் செய்தது. இயற்கைப் புரதத்தில் பீட்டா-காமாவைத் தொடும் சுருள்கள் எந்தக் கோணத்தில், எந்த இடைவெளியில் நிற்கின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆல்ஃபாவைத் தொடும் பகுதியைத் தூக்கிவிட்டு, மீதி உடம்பைப் புதிதாகக் கட்டினார்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அது மடிந்துதான் வடிவம் பெறும். இயற்கைப் புரதத்தில் 133 அமினோ அமிலங்கள், இதில் 100 மட்டும்.

அந்த 100 இடங்களில் ஒவ்வொன்றுக்கும் 20 வகை அமினோ அமிலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மொத்தச் சாத்தியங்கள் எத்தனை? 1 போட்டு, பின்னால் 130 சுழியங்கள்! நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களை எண்ணினாலே சுமார் 80 சுழியங்கள்தான் வரும். அந்தக் கடலில் சரியாக மடியும் ஒரு வரிசையைத் தேடும் மென்பொருளின் பெயர் ரோசெட்டா. கிடைத்த வரிசைகளுக்கு மரபணு தயாரித்து, ஈஸ்ட் செல்களில் உற்பத்தி செய்து, எது ஏற்பியில் ஒட்டுகிறது என்று சோதித்தார்கள்.

கடைசியில் வந்த புரதத்தின் வரிசை மனித இன்டர்லூக்கின்-2-உடன் 14 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் வரைந்த அதே வடிவம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. ஆக, செல் இதன் பேச்சைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்: பீட்டாவையும் காமாவையும் தொடும் பரப்பு பொருந்தினால் போதும். பின்னால் இருக்கும் உடம்பு யாருடையது என்று ஏற்பி பார்ப்பதில்லை.

இன்னொரு விஷயம். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிவிடும் அல்லவா? சூட்டில் புரதங்களின் மடிப்பு குலைவதுதான் அது. இயற்கையான இன்டர்லூக்கின்-2-ம் 80 டிகிரியில் சில நிமிடங்களில் செயலிழந்துவிடும். நியோ-2/15 அதே சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்த பிறகும் வேலை செய்தது. குளிர்சாதன வசதி அரிதான ஊர்களுக்கு மருந்து அனுப்பும்போது இந்தக் குணம் எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெலனோமாவும் குடல் புற்றுநோயும் உள்ள எலிகளில் இது இன்டர்லூக்கின்-2-ஐ விட நன்றாக வேலை செய்தது, நச்சுத்தன்மையும் குறைவு. புதிய புரதத்துக்கு எதிராக எலிகளின் உடல் எதிர்ப்பும் காட்டவில்லை.

சரி, மனிதர்களுக்கு? நியோலூக்கின் தெரபியூட்டிக்ஸ் என்ற நிறுவனம் இதன் மாற்று வடிவத்தை என்எல்-201 என்ற பெயரில் புற்றுநோயாளிகளிடம் சோதித்தது. 2022 நவம்பரில் சோதனை நின்றுபோனது. நோயாளிகளின் உடல், மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை, அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களை, உருவாக்கிவிட்டது. இதைச் சொல்லாமல் ‘புற்றுநோய்க்குத் தீர்வு கண்டுபிடித்தாச்சு’ என்று தலைப்பு வைக்கும் வீடியோக்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. ஏற்பியில் கச்சிதமாக ஒட்டுவது ஒரு பிரச்சினை, உடல் அந்நியப் பொருளாகப் பார்க்காமல் இருப்பது வேறு பிரச்சினை. முதலாவதில் வென்றார்கள், இரண்டாவதில் இன்னும் இல்லை.

ஆனால் வேலை நிற்கவில்லை. 2023-ல் நியோ-2/15-ஐ இரண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். தனித்தனியாக இருந்தால் எந்தத் துண்டும் வேலை செய்யாது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் செய்தி போகும். அந்த இடம் கட்டியின் மேற்பரப்பாக இருக்கும்படி துண்டுகளைக் குறிவைத்து அனுப்பலாம், உடல் முழுக்கப் பரவும் பக்கவிளைவு குறையும். நியோவில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

அதே 2023-ல் புதுப் புரதங்களை வடிவமைக்கும் ஆர்எஃப்டிஃப்யூஷன் என்ற ஏஐ கருவியும் அதே குழுவிடமிருந்து வந்தது. முன்பு ஒரு ஏற்பிக்குப் பல ஆயிரம் வடிவங்களைச் சோதிக்க வேண்டியிருந்த இடத்தில், இப்போது நூற்றுக்கும் குறைவாகச் சோதித்தாலே ஒட்டும் புரதங்கள் கிடைக்கின்றன. 2024-ல் வேதியியல் நோபலின் பாதி பேக்கருக்கு. மறுபாதி, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ-யை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும்.

ஆர்எஃப்டிஃப்யூஷன் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தனி வீடியோ வேண்டுமா? கமென்டில் சொல்லுங்கள். உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள். ரோசெட்டாவைக் கல்வி நிறுவனங்களில் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.