உங்கள் கணினிக்கு எவ்வளவு நேரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்கும் மாணவர் ஒருவர் போன வருடம் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற, உட்கார்ந்தார். கூட இருந்த குறிப்பில் '10 நிமிடம் ஆகும்' என்று போட்டிருந்தது. அவருடையது செகண்ட்ஹேண்ட் லேப்டாப். ப்ராசசரில் இரண்டு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு பகுதிகள். 4 ஜிபி ராம். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டார். "சார், என் லேப்டாப் இதுக்கு லாயக்கில்ல போல" என்றபோது அவர் முகம் வாடியிருந்தது. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த 10 நிமிடம் குறிப்பை எழுதியவருடைய கணினியின் கணக்கு, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்று ஒரு திட்டம். 1999இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கியது. முழு லினக்ஸையும் நாமே கம்பைல் செய்து கட்டுவதற்கான கையேடு அது. அதில் நிமிடக் கணக்கு கிடையாது. எஸ்.பி.யு., அதாவது ஸ்டாண்டர்ட் பில்ட் யூனிட் என்ற அலகில்தான் எல்லாம் இருக்கும். முதலில் கட்டுவது பைன்யூட்டில்ஸ் என்ற தொகுப்பு. அது உங்கள் கணினியில் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, அதுவே உங்களுக்கு ஒரு எஸ்.பி.யு. 'ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர்' என்று வீட்டில் சொல்வார்களே, அந்த மாதிரி. வீட்டுக்கு வீடு டம்ளர் வேறு, பங்கு ஒன்றுதான். ஒரு தொகுப்புக்கு 4.5 என்று போட்டிருந்தால், 2 நிமிட அலகுக்காரருக்கு 9 நிமிடம். 10 நிமிட அலகுக்காரருக்கு முக்கால் மணி. வேகமான கணினிக்காரரும் பழைய கணினிக்காரரும் ஒரே வரியைப் படித்துத் தங்கள் தங்கள் நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

அளப்பதும் சுலபம். கட்டளைகளுக்கு முன்னால் 'டைம்' என்று சேர்த்தால் போதும். கணினியைச் சோதித்துத் தயார் செய்யும் கான்ஃபிகர், கம்பைல் செய்யும் மேக், நிறுவும் மேக் இன்ஸ்டால் மூன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். முடிவில் வரும் மூன்று எண்களில் 'ரியல்' என்பதுதான் கடிகார நேரம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமீபத்திய பதிப்புகளில் அலகை ஒரே கோரில் அளக்கச் சொல்கிறார்கள். மற்ற பல தொகுப்புகளின் மதிப்புகளோ நான்கு கோர் ஓடும் கணக்கில் போட்டவை. இரண்டு கோர் வைத்திருப்பவர் அப்படியே பெருக்கினால் மறுபடியும் ஏமாந்துபோவார். சரி, பாதி கோர் என்றால் இரண்டு மடங்கு நேரமா? அதுவும் முழுக்கச் சரியில்லை. கான்ஃபிகர் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. எத்தனை கோர் கொடுத்தாலும் அந்தப் பகுதி குறையாது. ராம் போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது வேகம் குறைந்த வட்டு இடத்துக்கு, போய்விட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. பெரிய சி++ தொகுப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே 'மேக்' கட்டளைக்குக் குறைவான ஜே எண், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கை, கொடுப்பதுதான் வேகம். லேப்டாப் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் உண்டு. அதனால் இந்த அலகைத் தோராயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையேடும் அப்படித்தான் சொல்கிறது.

அந்த மாணவர் அப்புறம் தன் அலகை அளந்தார். 9 நிமிடம் 20 நொடி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். ஜிசிசி என்ற கம்பைலரின் கடைசிக் கட்டத்துக்கு, சோதனைகளோடு சேர்த்து, 40க்கு மேற்பட்ட எஸ்.பி.யு. போட்டிருந்தது. பெருக்கிப் பார்த்தார், ஆறு மணி நேரத்துக்கு மேல். இரண்டு கோர் என்பதால் 12 மணி நேரத்துக்குத் தயாரானார். ராத்திரி எட்டு மணிக்கு சார்ஜரைச் செருகி, அடியில் காற்றுப் போக இரண்டு நோட்டுகளை வைத்துத் தூக்கி நிறுத்தி, ஓடவிட்டார். காலையில் போன் செய்தார். "இன்னும் ஓடுது சார், நான் கை வைக்கல" என்றார்.

நன்றி, வணக்கம்.