கம்பி இறுக்கிய பேரி மரம்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக் குளிரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்ததே பெரிய விஷயம். டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பேரி மரம் நின்றது. துணி காயப்போட அதன் தண்டைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டினேன். கட்டியதை மறந்தும் போனேன். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்தது. கம்பிக்கு மேலே தண்டு மோதிரம் போட்ட விரலைப்போல வீங்கியது. கீழே இளைத்தே கிடந்தது. இலையெல்லாம் பச்சை. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். அப்புறம் ஒரு கோடையில் மொத்தமாகக் காய்ந்தது.

சீகை மரத்துக்கு வளையமாகப் பட்டை உரித்தவர்களுக்கு இது புதிதல்ல. உரித்த அன்றே மரம் வாடாது. வேர் எடுக்கும் தண்ணீர் பட்டை வழியாக ஏறுவதில்லை. உள்ளே கட்டையில், சைலம் என்ற நீர்க்குழாய்கள் வழியாக ஏறுகிறது. இலை தயாரித்த சர்க்கரைதான் பட்டையின் உட்புறத்தில், புளோயம் என்ற சர்க்கரைக் குழாய்களில் இறங்குகிறது. அந்த வழி அடைபட்டால் மேலே தேக்கம், வேருக்குப் பட்டினி. வேர் செத்தபிறகு தண்ணீர் ஏது? இத்தாலியில் மால்பிகி என்ற விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டிலேயே பட்டையை உரித்து இந்த வீக்கத்தைப் பார்த்திருக்கிறார்.

சரி, தண்ணீர் எப்படி ஏறுகிறது? கடலோரத்தில் மேலே வைத்த பம்ப் உறிஞ்சினால் கிணற்றுத் தண்ணீர் சுமார் 10 மீட்டர்தான் ஏறும். நம் மலையில் காற்றழுத்தம் குறைவு, 8 மீட்டரே அதிகம். கற்பூர மரமோ, அதாவது யூகலிப்டஸ், 40 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிறது, மோட்டாரும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை! இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் அந்த இழுப்பு வேர்வரை எட்டுகிறது. 1894இல் அயர்லாந்தில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம் இது. இத்தனை வேலையும் நடப்பது செத்த செல்களின் குழாயில் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

புளோயம் உயிருள்ளது. அங்கே இழுப்பில்லை, தள்ளுதான். சர்க்கரை ஏற்றிய இடத்தில் தண்ணீர் சேர்ந்து அழுத்தம் கூடும். இறக்கும் இடத்தில் குறையும். ஜெர்மனி விஞ்ஞானி முன்ச் 1930இல் இதை விளக்கினார். அசுவினிப் பூச்சி ஊசிவாயைக் குத்தினாலே போதும், சாறு தானாக உள்ளே பாயும்.

இந்தச் சர்க்கரை வண்டிக்குத் திசை நிலையில்லை. வளரும் பருவத்தில் இலையிலிருந்து உருளைக்கிழங்குக்கு. அதே கிழங்கை விதைக்கு வைத்தால் கிழங்கிலிருந்து முளைக்கு. இந்த வாரம் விதைக்கிழங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முளை நீண்டிருந்தால் தோல் சுருங்கியிருக்கும்.