எகிப்தில் இடமில்லையா?

வணக்கம் நேயர்களே. வானொலியில் வரைபடம் காட்ட வழியில்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எகிப்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட சதுரமான நாடு, பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 10 கோடிக்கு மேல். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு நூறு பேருக்குக் கொஞ்சம் அதிகம். தமிழ்நாட்டுக்கு 2011 கணக்கெடுப்பில் வந்த எண் 555. அப்படியானால் எகிப்தில் தாராளமாக இடம் கிடக்கிறது என்றுதானே தோன்றும்?

இல்லை. அந்த நாட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் வெறும் 5 சதவீத நிலத்தில்தான் வாழ்கிறார்கள், நைல் நதிக்கரையிலும் அது கடலில் சேரும் டெல்டாவிலும். மற்றதெல்லாம் பாலைவனம். இப்போது அந்த 5 சதவீத நிலத்தை மட்டும் வைத்து வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 2000 வந்து நிற்கும். அடர்த்தி வேறு, பரவல் வேறு. மனிதப் புவியியலில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான் என்பேன், இது பிடிபடாமல் மேலே போனால் பின்னால் வருவதெல்லாம் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

சரி, இதை எப்படி வரைவது? மாநிலம் மாநிலமாக நிறம் பூசி, நெரிசல் கூடக்கூட நிறத்தை அழுத்தமாக்குவது ஒரு வழி. கோரோப்ளெத் என்பார்கள், 1826-லேயே சார்ல் துய்ப்பேன் பிரான்சின் கல்வி நிலையை இப்படிக் காட்டினார். ஆனால் எகிப்தின் நாட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஒரே ஒரு பாலைவன மாநிலம், ஆள் குறைவாக இருந்தும், வெளிர் நிறத்தோடு கண்ணை இழுத்துக்கொள்ளும், கெய்ரோ ஒரு பொட்டு மாதிரி ஓரத்தில் கிடக்கும்.

இன்னொன்று புள்ளி வரைபடம். ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் சுமார் 2000 புள்ளிகள். அவை தாமாகவே பனையோலை விசிறி போலத் தெரியும், நைல் அதன் கைப்பிடி, டெல்டா அதன் விரிப்பு. ஆனால் மாநிலத்தின் மொத்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புள்ளிகளைச் சீராகத் தூவினால் வெறும் மணலில் ஊர் முளைத்துவிடும், அதையும் பார்த்திருக்கிறேன், பத்திரிகைகளில் வரும்போது கோபமே வரும். வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் புள்ளி வைக்க வேண்டும்.

1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்தபோது மருத்துவர் ஜான் ஸ்னோ அப்படித்தான் செய்தார். ஒவ்வொரு சாவையும் அந்தந்த வீட்டு வாசலில் சின்னக் கறுப்புக் கோடாகக் குறித்தார். கோடுகள் பிராட் தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கோடுகள் குறைந்த ஓர் இடம்: பக்கத்திலேயே இருந்த ஏழையர் விடுதி. பாலைவனம் போல ஆளில்லாத வெற்றிடம் இல்லை அது, 500 பேருக்கு மேல் தங்கியிருந்தார்கள். இறந்தது 5 பேர்தான். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது.