குதிக்க வேண்டாம், வீசுங்கள்

(ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் குளித்தலை காவிரிக் கரையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே! அடுத்த வாரம் பதினெட்டாம் பெருக்கு. கடம்பந்துறையில் விடிந்ததும் கூட்டம் சேர்ந்துவிடும். தாலிக்கயிறு மாற்றவும், காதோலை கருகமணி ஆற்றில் விடவும் குடும்பத்தோடு வருவீர்கள். அதற்கு முன் அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள்.

நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். ஆண்கள் பக்கம் பாதிப் பேர். தாய்மார்கள் பக்கம் ஆறே கை. அதிலும் ஒருவர் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்!

எனக்கு என் தாய்மாமா கற்றுக்கொடுத்தார். முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை அவர் கையில். அப்படித்தான் கிணற்றில் இறக்கினார். மூன்றாம் நாள் குடுக்கை போயிற்று, ஒரு வாரத்தில் கயிறும் போயிற்று. அந்தக் கிணறு தூர்ந்து இப்போது அங்கே ஆழ்துளைக் குழாய் நிற்கிறது. குழாய்க்குள் எந்தப் பிள்ளை நீந்திப் பழகும்?

ஆறும் பழைய ஆறாக இல்லை. மணல் அள்ளிய இடத்தில் முழங்கால் தண்ணீரில் நடப்பவர் அடுத்த எட்டில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடுகிறார். மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மட்டமாகத்தான் ஓடும். மிதித்து ஏறலாம் என்றால் குழியின் விளிம்பு காலடியிலேயே சரியும். “எங்கள் தாத்தா காலத்திலிருந்து குளிக்கிற துறை” என்ற பேச்சை நம்பாதீர்கள். தாத்தா பார்த்த மணல் எப்போதோ லாரி ஏறிவிட்டது.

மூழ்குகிறவர் கத்துவார் என்று எதிர்பார்க்கிறோம். கத்த மூச்சு வேண்டாமா? வாய் மேலே வருகிற நொடியில் காற்றை இழுக்கத்தான் நேரம் இருக்கும். கைகள் இரண்டும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலவே தெரியும். பல நேரங்களில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அடுத்து அண்ணன் குதிப்பான். அவனைத் தேடிச் சித்தப்பா குதிப்பார். மறுநாள் நாளிதழில் ‘ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர்’ என்று வரும். மூழ்குகிறவர் கைக்குச் சிக்கியதைப் பற்றி மேலே ஏறத்தான் பார்ப்பார். சிக்குவது உங்கள் கழுத்து.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் குளிக்க வந்த இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கினார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் சேலையைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. அந்த மூவருக்கும் அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. என்னைக் கேட்டால், அவர்கள் செய்ததைப் பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்திருக்க வேண்டும்.

சேலை ஐந்தரை மீட்டர். இரண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டால் பத்து மீட்டர் வரும். வீசியதும் படியில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் அவர் உங்களை உள்ளே இழுத்துவிடுவார். இதோ, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். கைப்பிடியில் கயிறு. உள்ளே இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கியிருக்கிறேன். வெறும் கேனைக் காற்று அடித்துக்கொண்டு போகும். இது குறி பார்த்த இடத்தில் விழும்.

கரையேற்றிய பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இந்தக் கேன்களை இன்று மாலை படித்துறைக் கம்பங்களில் கட்டப்போகிறோம். நல்ல நைலான் கயிறு. ஆடு கட்ட யாரும் அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். இப்போது முன்வரிசைத் தாய்மார்கள் நான்கு பேர் மேடைக்கு வாருங்கள். ஆளுக்கு மூன்று முறை வீசிப் பார்ப்போம். கையை இறக்கிக்கொண்ட அம்மா முதலில் வரட்டும்.