பட்டாட்டா ஏரியில் பட்டினி கிடந்த தெள்ளு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மீன்வளத்துறை அலுவலர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, மணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் நேரக்காப்பாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: சேறு எப்படி வந்தது, யார் வயிற்றுக்குள் போனது, கரைக்காடு எப்படித் திரும்புகிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதே என் பல்லவி.

பிரேசிலின் பாரா மாநிலத்தில் துரொம்பேத்தாஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது பட்டாட்டா ஏரி. ஆற்றோடு சேர்ந்து ஆண்டுதோறும் பல மீட்டர் ஏறி இறங்கும். 1979 முதல் 1989 வரை பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைக் கழுவிய சேற்று நீர் இதில் விழுந்தது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 80 லட்சம் கன மீட்டர். ஏரிப் பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் பாழ். வெறும் களிமண்தானே, விஷமா என்று கேட்கத் தோன்றும்.

நீரில் மிதந்து வாழும் சிற்றுயிரியான நீர்த்தெள்ளைக் கேளுங்கள். டாஃப்னியா, மோய்னா என்று வகைகள் உண்டு. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். கண்ணைக் கட்டிப் பந்தியில் உட்கார வைத்த விருந்தாளி அது. கால் மயிர்களால் நீரை வடிகட்டும். சிக்கியதை உருட்டி வாய்க்குத் தள்ளும். பாசி எது, களிமண் துகள் எது என்று பிரித்தறியாது. இலையில் பாதி சோறு, பாதி மண். எழுந்து போக முடியாது, அடுத்த பரிமாறலும் அதேதான்! குடல் நிறைந்திருக்கும், ஆனால் பட்டினி. பட்டினி கிடந்தால் முட்டை குறையும். பக்கத்து இலையில் கோபிபாட் என்ற துடுப்புக்காலி, இன்னொரு சிற்றுயிரி. முறத்தில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கித் தின்னும். அதற்குச் சேதம் குறைவு. சேறு படிந்த பகுதியில் தெள்ளு போன்ற விலங்கு மிதவையுயிரிகள் மற்றப் பகுதியைவிடக் குறைந்ததை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். நீர் வற்றும் காலத்தில் காற்றடித்தால் அடிச்சேறு மறுபடி எழும். குழாயை மூடிய பிறகும் தொல்லை தொடரும். மீன்குஞ்சுக்கு முதல் கவளம் இந்தத் தெள்ளுதான். சிறு துரும்பும் பல் குத்த உதவும், ஐயா!

ஆகவே என் கோரிக்கை: கழிவுநீர் விழும் எந்த ஏரியிலும் ரசாயனச் சோதனையோடு தெள்ளையும் எண்ண வேண்டும். எப்படி? கலங்கிய நீரில் வலையை இழுக்காதீர்கள். களிமண் வலைக்கண்ணை அடைத்துவிடும், நீர் வலையின் வாய்வழியே திரும்பும், எத்தனை லிட்டர் வடிந்தது என்றே தெரியாது. 10 லிட்டர் வாளியால் 10 வாளி அளந்து, 60 மைக்ரான் கண்ணுள்ள வலையில் ஊற்றுங்கள். 4 சதவீத ஃபார்மலினில் சர்க்கரை கலந்து பாதுகாக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் ஓடு உப்பி முட்டைகள் உதிரும், முட்டைக் கணக்கு பொய்யாகும். ரோஸ் பெங்கால் சாயம் ஒரு சிட்டிகை போட்டால் உயிரிகள் சிவக்கும். களிக்குள் ஒளிந்தது தெரியும். பிறகு 1 மில்லிலிட்டர் கொள்ளும் எண்ணும் தட்டில் எண்ணலாம். முட்டை சுமந்த தாய்களைத் தனியாகக் குறியுங்கள். நீர் ஏறிய காலத்தில் ஒருமுறை, வற்றிய காலத்தில் ஒருமுறை. ஒரே தடவை எடுத்த கணக்கை நான் நம்பமாட்டேன்.

கரைக்காட்டைப் பற்றி... மணி அடித்துவிட்டது. ஆற்று வெள்ளத்தில் மூழ்கி நிற்கும் இகாபோ என்ற கரைக்காட்டின் மரக்கன்றுகளைச் சேற்றிலேயே நட்டு வளர்க்கிறார்கள் என்பதோடு விடுகிறேன். செயலாளர் அவர்களே, தீர்மானத்தில் வாளிக் கணக்கையும் சர்க்கரையையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.