மிளகாய் எரிப்பதும் எண்ணெய் சேர்ப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரமாகச் சாப்பிட்டால் வேர்க்கிறது, வேர்த்தால் கொழுப்பு கரைகிறது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற ஊர். நம்பிக்கை இருக்கத்தானே செய்யும்? ஆனால் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனையைத்தான் தூண்டுகிறது. உடம்பு சூடாகிவிட்டது என்று மூளை ஏமாந்து வேர்வையை விடுகிறது. அதோடு சக்திச் செலவும் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 50 கலோரி அளவுதான். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் 40 கலோரி இருக்கிறது.

இப்போது குழம்புச் சட்டிக்கு வருவோம். அரைக் கிலோ சூடை மீன், நாலு பேருக்கு. எண்ணெய் மிதக்க வேண்டுமென்று 100 மில்லி ஊற்றினால் ஆளுக்கு 200 கலோரி எண்ணெயிலேயே போகிறது. 20 மில்லியில் முடித்தால் 40. அந்த 160 கலோரியை மிச்சம் பிடிக்கத்தான் மசாலா கைகொடுக்கும்.

பொடியை எண்ணெயில் வதக்கிப் பச்சை வாசத்தைப் போக்குவதால்தான் எண்ணெய் இழுக்கிறது. எண்ணெயைக் குறைத்தால் பொடி கருகும். ஆகவே பொடியை விட்டுவிடுங்கள். மல்லி 2 மேசைக்கரண்டி, முண்டு வத்தல் 6, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. இவற்றை வெறும் சட்டியில் வறுத்து, பத்துச் சின்ன வெங்காயத்தோடு மைய அரையுங்கள். அரைத் தேக்கரண்டி வெந்தயத்தை முதல்நாள் இரவே ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துவிட்டு அதையும் கூட்டி அரைக்க வேண்டும். புளிக்கரைசலில் இதைக் கலக்கி, மஞ்சள் போட்டு, மூடி 15 நிமிடம் கொதிக்க விட்டால் பச்சை வாசம் கொதியிலேயே போய்விடும். வெந்தயத்தின் வழவழப்பான நார் குழம்பைக் கெட்டியாக்கும், தேங்காய் அரைக்க வேண்டாம். மீனைக் கடைசியில் போட்டால் ஆறேழு நிமிடம் போதும். தாளிப்புக்கு மட்டும் அந்த 20 மில்லி. தாளிப்பிலும் வெந்தயம் போடுவதானால் பொன்னிறத்தில் இறக்குங்கள். கருத்துவிட்டால் கசக்கும். கசப்பை மறைக்க உப்பைக் கூட்டுவோம். நாளுக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டிய உப்பு அது.

இந்த அளவு வெந்தயம் சர்க்கரையைக் குறைக்காது. குறைந்ததாகக் காட்டிய ஆய்வுகள் பலவற்றில் நாளுக்கு 10 கிராமோ அதற்கு மேலோ கொடுத்திருக்கிறார்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அவ்வளவு சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிக் கை நடுங்கலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் வேண்டாம்.

மஞ்சளின் மருந்துச் சத்து என்று சொல்லப்படும் குர்குமின், மஞ்சள்தூளில் 3 சதவீதம்தான், உடம்பில் சேர்வதும் அரிது. மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கூட இருந்தபோது 20 மடங்கு சேர்ந்ததாக 1998-ல் பெங்களூர் ஆய்வு சொன்னது. அங்கே கொடுத்த குர்குமின் 2 கிராம். அதற்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும், குழம்பு வாயில் வைக்க விளங்காது.

பட்டைத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு ஒன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றை ஓடாக வளைந்த பட்டையில் கூமரின் என்ற வாசனைப் பொருள் அதிகம். நாள்தோறும் ஒரு தேக்கரண்டி தூள் கல்லீரலுக்கு ஆகாது. சிலோன் பட்டை தாள் தாளாகச் சுருண்டிருக்கும், விரலில் நொறுங்கும். நெய்ச்சோற்றுக்குப் போடும் ஒரு துண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வத்தல் வாங்கும்போதும் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தில் சரியாகக் காயாத வத்தலில் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகக்கூடிய அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், விதை சலசலக்க வேண்டும். பிறகு கிள்ளிப் பாருங்கள். உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அந்தக் குவியலே வேண்டாம்.

வணக்கம்.